வாசல் கட்டில்

"ரவிக்கைக் கையை மேல தள்ளும்மா" என்று சொல்லிக்கொண்டே நாகம்மா தானே தள்ளிவிடுகிறாள். புதிதாக வந்த நோயாளியின் புஜத்துத் தழும்பின்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்க்கிறாள். தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள்.

லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு அப்பால், பெரியம்மை கண்டவர்களுக்கென்று ஒதுக்குப்புறமாகப் போட்ட தகரக் கொட்டகையில் அவள் ஆயா. அவள் முகமெங்கும் அம்மை வடு. ஒரு தடவை வந்தவளுக்கு மறுபடி வராது என்பதால் கிடைத்த வேலை. "என் சர்டிபிகேட்டு மூஞ்சியிலயே ஒட்டியிருக்குது, சாமி" என்பாள். குடியாத்தத்துத் தமிழ், இங்கு வந்த இருபது வருஷத்தில், வேண்டாம் என்பதற்கு உருது 'நக்கோ'வும் ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் அதில் கலந்துவிட்டன.

கட்டில்கள் பன்னிரண்டு. யாருக்கு எது என்பதை டாக்டர் அவளிடமே விட்டுவிட்டார். அம்மை குத்திக்கொண்டவர்களுக்கு வாசல் பக்கம்; அவர்கள் சீக்கிரம் வீடு திரும்புகிறவர்கள். சிறு வயதில் குத்தி, அப்புறம் குத்தாமல் விட்டவர்கள் நடுவில். குத்தாதவர்கள், அதிலும் குடிகாரர்களும் கர்ப்பிணிகளும், உள்மூலையில், அவளுடைய முக்காலிக்குப் பக்கத்தில். இந்த வரிசை ரயில்வே காலனி முழுவதற்கும் தெரியும். வேலிக்கு வெளியே நிற்கும் உறவினர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்குமுன் கட்டிலைப் பார்க்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தடவை ஏமாந்தாள். சின்னசாமி என்ற சம்மட்டிக்காரன். காளை மாதிரி உடம்பு, புஜத்தில் வட்டத் தழும்பு. அவனை வாசல் கட்டிலில் போட்டு, "எட்டு நாள்ல ஊட்டுக்கு அனுப்புறேன்" என்று அவன் மனைவியிடம் சொல்லியும் விட்டாள். ஆறாம் நாள் அவன் செத்துப்போனான். அந்தத் தழும்பு, குழந்தையில் வலிப்பு கண்டபோது அவன் தாய் மஞ்சளைச் சுட்டு வைத்த சூடு. அன்றோடு கண்ணை நம்புவதை விட்டுவிட்டாள். "சூடு வழவழன்னு இருக்கும், சாமி. அம்மை குத்தினது பொடிப்பொடியா குழி உழுந்திருக்கும். வெரலு பொய் சொல்லாது."

அங்கே கம்பவுண்டராக இருக்கும் என் மைத்துனர் வரதராஜனைப் பார்க்க நான் போயிருந்த காலையில், ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருக்கும் நடேசனின் மனைவி கனகவல்லியைக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதக் கர்ப்பிணி. நாங்கள் மருந்தறை ஜன்னலருகே நின்றிருந்தோம்.

"அம்மை குத்தினதுதான்க்கா. எங்கம்மா சொல்லியிருக்கு" என்றாள் அவள்.

நாகம்மாவின் விரல் தேய்க்கத் தொடங்கியதுமே நின்றுவிட்டது.

"ஆயாம்மா, வாசல்தானே? வாசல் கட்டில்தானே?" வேலிக்கு வெளியிலிருந்து நடேசன் கத்தினான்.

கனகவல்லி உள்மூலையைப் பார்த்தாள். நாகம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள். "அங்க போட்டா நான் இன்னிக்கே செத்துடுவேன்க்கா."

"எதுக்குடி அழுவுற? அங்க போடுறேன்னு யாருடி சொன்னது?" நாகம்மா வேலிப்பக்கம் திரும்பினாள். "ஹவ், வாசல்தான்! கத்தாம போய் வேலையைப் பாரு. உன் சத்தத்துலயே ஜொரம் ஏறும்போல இருக்கு!"

நடேசன் சிரித்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒர்க்ஷாப் சங்கு ஊதவும் ஓடினான்.

"வழவழப்பு" என்றார் வரதராஜன், என் காதோடு. "விரல் நின்றதைப் பார்த்தீரா?"

நாகம்மா உள்மூலைக்குப் போனாள். தன் முக்காலியைத் தூக்கி வந்து வாசல் கட்டிலின் அருகே போட்டாள்.

பதினேழு நாள் அது அங்கேயே இருந்தது. உள்மூலை நோயாளிகளுக்கும் வாசலுக்குமாக நடந்து அவள் கால் வீங்கிப்போயிற்று. ஒன்பதாம் நாள் கனகவல்லியின் கர்ப்பம் கலைந்தது. பதினோராம் நாள் அவளுக்குத் தொண்டை அடைத்து மூச்சுத் திணறியபோது, நாகம்மா பஞ்சை நனைத்து உதட்டில் பிழிந்தபடியே இருந்தாள் என்று வரதராஜன் சொன்னார்.

பதினெட்டாம் நாள் நான் மறுபடி போனேன். கனகவல்லியின் முகத்தில் பொருக்கு உதிரத் தொடங்கியிருந்தது. கஞ்சியைத் தானே குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அதைப் பார்த்திருந்த நாகம்மா முக்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா போற? இங்கயே உக்காரேன்."

"நக்கோ. இங்க எனக்கு இன்னா வேலை?"

உள்மூலையில், அது முன்பு இருந்த இடத்தில், முக்காலியைப் போட்டாள். வீங்கிய காலை நீட்டி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.