பம்புக்குத் துணையாக வந்த சவிரிமுத்தர்

மூன்று வாரத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிக்கொண்டிருந்தேன். என் மச்சான் ஆதம்பாவா பின்னால் வந்து ஒரு துணிப் பொட்டலத்தை என் நெஞ்சோடு சேர்த்துத் திணித்தார். நல்ல கனம். டீசல் நாறியது. என் வெள்ளைச் சட்டையில் உடனே ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது.

"ஆருக்கும் காட்டிராத," என்றார் மச்சான்.

உள்ளே இருந்தது அவருடைய டிராக்டரின் டீசல் பம்ப். நடுவில் வெடித்திருந்தது.

மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கணவர். சம்மாந்துறையில் வயல் செய்கிறார். அவருடைய டிராக்டர் சீமையிலிருந்து கப்பலேறி வந்தது. அந்த மாடலைச் செய்தவர்களே அதை எப்போதோ மறந்திருப்பார்கள். மச்சான் மறக்கவில்லை.

அறுவடை முடிந்து, கதிரெல்லாம் களவெட்டியில், நெல் மிதிக்கும் களத்தில், சூடாக, அதாவது போராக, அடுக்கிக் கிடந்தது. அதைப் பரப்பி, மேலே டிராக்டரை ஓட்டி மிதித்தால்தான் நெல். கடல் பக்கம் மேகம் வேறு ஏறிக்கொண்டிருந்தது. சூட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் நெல் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும்... ஒரு போகத்து உழைப்பு! பம்ப் வெடிப்பதற்கு வேறு நாள் கிடைக்கவில்லையா?

"வேற ஆக்கள்ட மெசினக் கூலிக்குப் பிடிக்கலாமே, மச்சான்?"

"என்ட களவெட்டியில அடுத்தவன்ட மெசினா?"

பேச்சு அத்தோடு முடிந்தது. இருவரும் கல்முனைக்கு பஸ் ஏறினோம்.

உதிரிப்பாகக் கடை முதலாளி பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மரியாதையாக மேசையில் வைத்து, மச்சானை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

"காக்கா, இதுக்கு இனிச் சாமான் வராது. இப்பதான் இறக்குமதி எல்லாம் திறந்துட்டாங்களே. புதுசா ஒண்டு எடுங்களன்."

பெண்சாதியை மாற்றச் சொன்ன மாதிரி மச்சானின் முகம் சிவந்தது. ராத்தாவை மாற்றச் சொல்லியிருந்தால் இவ்வளவு சிவந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். (ராத்தா என் பத்திரிகைப் பத்தியை வாசிப்பதில்லை என்ற துணிவில் எழுதுகிறேன்.)

கடைக்காரருக்கும் பாவமாகப் போயிருக்க வேண்டும். "சொறிக்கல்முனையில சவிரிமுத்தரிட்ட இதே மாடல் ஒண்டு கிடக்கு. ஓடுறதில்ல எண்டு கேள்வி. கேட்டுப் பாருங்க," என்றார்.

போகும் வழியெல்லாம் மச்சான் எனக்குப் பாடம் எடுத்தார். "நம்மட மெசின் பழுதெண்டு மட்டும் சொல்லிராத. பழைய இரும்பு வாங்க வந்த மாதிரிக் கதைப்பம். நீதான் கதைக்கணும். பேப்பருக்கு எழுதுற ஆள்... பொய் சரளமா வரும்."

வாசகர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வீர்களோ, நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சவிரிமுத்தர் வெள்ளை மீசை வைத்த, அகன்ற தோள்காரர். முற்றத்தில் உட்காரக் கதிரை போட்டு, இளநீர்க் குரும்பை வெட்டித் தந்தார். மாமரத்தடியில், தகரக் கொட்டிலுக்குள் நின்றது அவருடைய டிராக்டர். நம்முடையதன் கூடப்பிறந்தது. ஆனால் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளத்தது.

"அண்ணன், சும்மா கிடந்து கறள் பிடிக்கிறத விட எனக்குத் தாங்களன்," என்று நான் வாய் திறக்குமுன் மச்சானே தொடங்கிவிட்டார். "ஓடாதாமே?"

"ஆர் சொன்ன ஓடாதெண்டு?"

சவிரிமுத்தர் எழுந்து போனார். ஏறினார். ஒரே முயற்சியில் எஞ்சின் உறுமியது. கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். காணாமல் போன பிள்ளையின் குரலைக் கேட்டவர் போல.

"அப்ப ஏன் வயலுக்குப் போகல்ல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது போல. எஞ்சின் நின்றது.

பதில் குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவி மேரி அக்காவிடமிருந்து வந்தது. "அது கத்தும், நடக்காது தம்பி. கியர்ப் பெட்டி போயிற்று. எங்கட சூடும் மிதிக்காமத்தான் கிடக்கு. இவர் விடிஞ்சா ஸ்டார்ட் பண்ணுவார், நாலு வீட்டுக்குக் கேக்கட்டும் எண்டு."

சவிரிமுத்தர் மீசையைத் தடவினார். பிறகு என் சட்டையையே பார்த்தார்.

"தம்பிட நெஞ்சில டீசல். காக்கா, உங்கட பம்ப்தானே போச்சு?"

மச்சான் குரும்பையைக் கீழே வைத்தார். இனி என்ன பழைய இரும்பு?

"ஓம்," என்றார். "ஆனா பெட்டி தங்கம்."

"அப்ப பெட்டிய எனக்குத் தாங்க."

"நீங்க பம்பத் தாங்க."

"நீங்க தாங்க."

இரண்டு வயதான மனிதர்கள், இரண்டு டிராக்டர்கள், ஓடுவது ஒன்றுமில்லை. மேரி அக்கா வானத்தைப் பார்த்தார். "பெட்டி கழட்ட நாள்க்கணக்கு எடுக்கும். பம்ப் இண்டைக்கே கழட்டலாம். அங்க மிதிச்சுப்போட்டு மெசினோட இங்க வாங்க. நீங்க ரெண்டு பேரும் கதைச்சு முடியக்குள்ள நெல்லு முளைச்சிரும்."

"வருவீங்கதானே?" என்றார் சவிரிமுத்தர்.

"வல்லாஹி வருவன்," என்று ஆணையிட்டார் மச்சான்.

"உங்கள நம்புறன் காக்கா. ஆனா பம்பத் தனிய அனுப்ப மாட்டன்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு பையில், மாற்றி உடுக்கச் சாரன் இரண்டை வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பம்பை மடியில் வைத்திருந்தார். கண்டக்டர் வாங்கி ஓரமாக வைக்கப் போனபோது கொடுக்கவில்லை.

பம்ப் பொருந்தியது. மச்சானின் டிராக்டர் உயிர் பெற்றது. களவெட்டியில் சூடு மிதிக்கத் தொடங்கினோம். சவிரிமுத்தர் மட்கார்ட்டில் ஏறி உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்குத் தவிர டிராக்டரை விட்டு இறங்கவில்லை.

மச்சான் கொஞ்சம் வேகம் எடுத்தால், "பம்ப்... பம்ப்..." என்பார் சவிரிமுத்தர்.

சவிரிமுத்தர் தன் முறைக்கு ஓட்டும்போது கியர் கடித்தால், "பெட்டி... பெட்டி..." என்பார் மச்சான்.

முதல் நாள் இருவருக்கும் முகம் கடுகடுவென்றிருந்தது. மறுநாள் ஒருவர் சுருட்டுக்கு மற்றவர் நெருப்பு வைத்தார். பிறகு பார்த்தால், கடைக்காரரைத் திட்டுவதில் இருவரும் ஒரே குரல். ராத்தா சோற்றுக்கு மீன் ஆணம் காய்ச்சிக் களைத்துப்போனார். "நம்மட மூத்த மருமகன் கூட இவ்வளவு நாள் தங்கினதில்ல," என்று என் காதில் சொன்னார். ஆனாலும் பெரிய துண்டு சவிரிமுத்தர் பீங்கான் தட்டுக்குத்தான் போனது.

சம்மாந்துறை நெல் வீடு சேர்ந்தது. சொன்ன சொல் மாறாமல் டிராக்டர் சொறிக்கல்முனைக்குப் புறப்பட்டது. இப்போது ஓட்டுவது சவிரிமுத்தர், மட்கார்ட்டில் மச்சான். கையில் பை. பைக்குள் சாரன். பின்னால் கட்டிய டிரெய்லர்ப் பெட்டியில் நான். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அந்த இருவரையும் விட்டுவிட்டு வர மனமில்லை, அவ்வளவுதான்.

உதிரிப்பாகம் தேடி அலையும் அன்பர்களே, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய டிராக்டருக்குச் சாமான் தனியாகக் கிடைக்காது. அதோடு ஒரு மனிதரும் வருவார். அவருக்கும் சோறு போட வேண்டும். அவருடைய சூட்டையும் மிதித்துக் கொடுக்க வேண்டும். கணக்குப் பார்த்தால், புது டிராக்டர் வாங்கினால் இவ்வளவு லாபம் வராது.

போன வாரம் ஒரு பின்னேரம் சவிரிமுத்தரின் நெல்லையும் மூட்டை கட்டி முற்றத்தில் இறக்கினோம். கடைசி மூட்டை இறங்கவும் மழை கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. சவிரிமுத்தரும் மச்சானும் வீட்டுக்குள் பாய்ந்தார்கள். மூலையில் மடித்து வைத்திருந்த பெரிய தார்ப்பாய்ப் படங்கை ஆளுக்கு ஒரு தலைப்பில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஓடிப்போய், நான்கு பக்கமும் இழுத்து, ஒரு துளி படாமல்... டிராக்டரை மூடினார்கள்.

"நெல்லு நனையுது!" என்று கத்தினார் மேரி அக்கா. "இரும்பையா போத்துறீங்க?"

இருவருக்கும் கேட்கவில்லை. எஞ்சின் பக்கம் படங்கு சரியாக இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூட்டைகளை உள்ளே இழுத்தது மேரி அக்காவும் நானும். நெல் தப்பியது. என் இடுப்பு தப்பவில்லை... இந்தப் பத்தியை நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.