நான்கு புள்ளிச் சிரட்டை

அந்தச் சிரட்டையை முதலில் பார்த்தது நான்தான். கொடைக்கானல் மலையில், பள்ளங்கியில் எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்தின் கடைசிப் படியில், கல் வரப்பை ஒட்டி, ஒரு தேங்காய்ச் சிரட்டை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே ஊற்றியிருந்த தண்ணீர் உறைந்து கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. வெளியே சுண்ணாம்பால் நான்கு புள்ளிகள். அறுபதுகளின் தொடக்கத்தில், கார்த்திகை முடியப்போகும் ஒரு காலை. கையிலிருந்த களைக்கொட்டைப் போட்டுவிட்டு மேலே ஏறிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்துக்குச் சரிவில் வெட்டிய நான்கு படிகள். படிக்கு ஒரு சிரட்டை இருந்தது. மேல் படியில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. எவனோ தோட்டத்துக்குச் செய்வினை வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. பால்காரர் பால் ஊற்றும்போது பாத்திரத்தைப் பார்க்கமாட்டேன், அவர் கையைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்கு எவன் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை. சன்னலோரம் நின்று பார்த்தேன். விடிந்தும் விடியாததுமாகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தோட்டத்தில் இறங்கியது எங்கள் சின்ன மாமனார். ஒவ்வொரு சிரட்டையிலும் விரலை விட்டுப் பார்ப்பதும், மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எதையோ குறிப்பதுமாக இருந்தார்.

சின்ன மாமனார் என்றால் என் மாமனாரின் தம்பி. கொடைக்கானலில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுப் பக்கத்து அறையில் இருந்தார். அவர் வயதுக்காரர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். இவர் அங்கே ஒதுங்கமாட்டார். எறும்பு போகும் தடத்தில் குத்துக்காலிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். பஸ் டிரைவரை நிறுத்தி, இறக்கத்தில் மட்டும் ஏன் தீய்ந்த வாடை வருகிறது என்று கேட்பார். "முப்பது வருசம் குனிஞ்சு விலாசத்தை மட்டும் படிச்சேன் தாயி. இப்பத்தான் நிமிந்து பாக்குறேன்" என்று ஒருநாள் சொன்னார். இந்த வயதில் ஒரு மனுஷனுக்கு அப்படி என்ன சோலி என்று எனக்கு எரிச்சலாக வரும்.

எரிச்சலுக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. அந்தத் தோட்டத்தில் அவருக்கும் பாதிப் பங்கு உண்டு. பாகம் பிரித்ததே இல்லை. அவர் ஒருநாளும் கேட்டதில்லை, அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்காதவன் வேறு வழி பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். எங்கள் சோறு அந்த நான்கு படியில் இருந்தது. அதை இழந்தால் நானும் வீட்டுக்காரரும் யார் தோட்டத்திலாவது கூலிக்குத்தான் நிற்கவேண்டும்.

மார்கழி பிறந்ததும் விதைக்கிழங்கு நட ஆள் சொல்லியிருந்தோம். அன்றைக்குப் பார்த்து அவர் என் வீட்டுக்காரரிடம் வந்தார். "கடைசிப் படியை இந்தப் பனி தீர்ற வரைக்கும் சும்மா போடுப்பா. மத்ததுல நட்டுக்க." காரணம் கேட்டதற்கு, "இன்னும் முழுசாப் பாக்கலை, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான்கு புள்ளி வைத்த படி அதுதான். அதைத் தரிசாக்கித் தன் பங்காக எடுத்துக்கொள்ளப் போகிறார். வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கி, அன்றே கடைசிப் படியிலும் நட வைத்தேன்.

முளை வந்தது, இலை விட்டது. தை பிறந்து சில நாள் கழித்து, நான்கு சிரட்டையையும் பொறுக்கிக்கொண்டு வந்து, உப்பும் மிளகாயும் போட்டு அடுப்பில் எரித்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "நாப்பது நாளு கெடந்துச்சு தாயி. இன்னும் எட்டு நாளு கெடந்தா ஒரு மண்டலம் முடிஞ்சிருக்கும்" என்றார். பழனிக்கு மாலை போட்டு நடந்தே பழகியவர். எதையும் மண்டலக் கணக்கில்தான் செய்வார். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. மந்திரவாதியும் மண்டலம்தானே எண்ணுவான் என்று மட்டும் தோன்றியது.

அந்த வாரமே ஒரு காலை கடைசிப் படி முழுக்க வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிக் கிடந்தது. மேல் மூன்று படியில் அங்கங்கே நாலு இலை வாடியதோடு சரி. நான் வாசலில் நின்று கத்தியது பக்கத்துத் தோட்டம்வரை கேட்டிருக்கும். "நாங்க ஒங்களுக்கு என்ன பாவம் செஞ்சோம் மாமா? எங்க வயித்துல அடிச்சிட்டீங்களே." என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கொஞ்ச நாள் பழனியில் சொந்தக்காரர் வீட்டில் இருங்கள் என்றார். அவர் ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அவர் போனதும் தகடு ஏதாவது புதைத்திருப்பார் என்று அறையின் மண்தரையைக் கொத்திப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கூரைச் சொருகலில் பழுப்புக் காகிதக் கட்டு ஒன்று இருந்தது. நாளுக்கு ஒரு வரி. ஒரு புள்ளி: தண்ணீர். இரண்டு புள்ளி: தண்ணீர். மூன்று புள்ளி: உப்புக்கல் அளவு பனிக்கட்டி. நான்கு புள்ளி: விரல் கனம். பக்கம் பக்கமாக அதேதான். கடைசித் தாளில் இப்படி எழுதியிருந்தார்: 'மேட்டில்தான் குளிர் அதிகம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தப்பு. குளிரும் தண்ணீரைப்போல் பள்ளத்துக்கு இறங்குகிறது. ஏன்?' அந்த 'ஏன்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். கொத்திப்போட்ட தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளே இருவரும் பழனிக்குப் போனோம். அடிவாரத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில், வாழை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் விழப்போன என்னை நிறுத்தி, அவர் முதலில் கேட்டது இதைத்தான். "கடைசிப் படியில எத்தனை செடி பொழச்சிச்சு தாயி? வரப்போரத்துலயா, நடுவுலயா?" நான் பார்க்கவே இல்லை. பட்டுப்போன செடிகளைத் திட்டத்தான் தெரிந்தது, எண்ணத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கு, விடு" என்றார். கூப்பிட்டதற்கு மட்டும் வரவில்லை. "இங்ஙன ஒரு சோலி ஆரம்பிச்சிருக்கேன். முடிச்சிட்டு வாரேன்." வரவே இல்லை. இரண்டு வருடம் கழித்து அங்கேயே போய்ச் சேர்ந்தார். அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

இப்போது எனக்கு அவரைவிட வயது கூடிவிட்டது. போன மாதம் ஒரு சிரட்டையை எடுத்து நான்கு புள்ளி வைத்துக் கடைசிப் படியில் வைத்தேன். அந்த 'ஏன்' எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் போய் விரல் விட்டுப் பார்ப்பேன். என் மருமகள் சன்னலோரம் நின்று கவனிப்பது தெரிந்தது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது, என்னுடையதுதான்.

இன்று காலை அவள் தோட்டத்தில் இறங்கி வந்தாள். வலது கையை இறுக்கி மூடியிருந்தாள். உப்பும் மிளகாயும்தான் என்று நினைத்தேன். என் புத்தி இன்னும் எங்கே மாறியது? சிரட்டையை மறைத்துக்கொண்டு நின்றேன். அவள் கிட்டே வந்து கையை விரித்தாள். உருகிக்கொண்டிருந்த ஒரு பனிக்கட்டிச் சில்லு.

"வாசக் குண்டான்ல கெடந்துச்சு அத்தே. மாட்டுக் கொட்டாய்ல வச்ச குண்டான்ல ஒண்ணுமே இல்ல. அது ஏன்?"

"தெரியலையே தாயி" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.