சுத்தமான கடற்கரை

சித்தப்பா மகள் மீமிசல் பக்கம் போய்வந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டிருந்தாள். ‘எவ்வளவு சுத்தமான கடற்கரை பாருங்க’ என்று ஒரு வரி வேறு. எனக்கு வந்த எரிச்சலை உங்களிடம்தான் கொட்ட வேண்டும். அங்கே கொட்டினால் அத்தைமார்கள் காலை வணக்கம் ரோஜாப்பூவைப் போட்டு மூடிவிடுவார்கள்.

அந்தக் கரை சுத்தமாக இருந்ததே இல்லை. நான் பக்கத்து ஊரான ஜெகதாப்பட்டினத்தில் ஒரு நண்டு கம்பெனியில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கரை நெடுகக் கடல்புல் ஒதுங்கி அழுகிக் கிடக்கும். பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே துப்பட்டா மூக்குக்குப் போய்விடும். டப்பாவைத் திறந்தால் புளிச்சோற்றிலும் அதே வாடை.

அங்கே நண்டு உடைத்துச் சதை எடுக்கிற ராணியக்காவுக்கு அந்த வாடை உறைக்கவே உறைக்காது. அவள் வீட்டுக்காரர் ஆரோக்கியம் அண்ணன் நாட்டுப்படகில் போய் நண்டு வலை போடுபவர். வலையில் நண்டைவிடப் புல்தான் அதிகம் ஏறும். பிரித்து எடுப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். “இந்தச் சனியன் புல்லு என்னைக்குத்தான் ஒழியுமோ” என்பார்.

ஒழிந்தது. விசைப்படகுகள் கரையை ஒட்டி வலை இழுத்து அதை வேரோடு பெயர்த்தன. இறால் பண்ணைக் கழிவுநீர் வந்து மிச்சத்தை மூடியது. தண்ணீரும் வருசத்துக்கு வருசம் சூடேறியது. ஒருநாள் வலை புல்லே இல்லாமல் வந்தது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். ராணியக்கா கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள். நானும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றேன்.

நண்டுக்குஞ்சு வளர்வதே அந்தப் புல்லுக்குள்தான் என்பது அடுத்த பருவத்தில் என் தராசில் தெரிந்தது. உள்ளங்கை அகல நண்டு போய், தீப்பெட்டி அளவில் வந்தது. பிறகு வலை முழுக்கச் சொறி, கண்ணாடி மாதிரி கொழகொழவென்று இருக்கும் ஜந்து. அது பட்டு அண்ணனின் இரண்டு கையும் வெந்ததுபோல வீங்கி, ராணியக்கா சோறு ஊட்ட வேண்டியிருந்தது.

அந்தக் கோபத்தோடு அவள், விசைப்படகில் போகும் தன் தம்பியைத் துறைமுகத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

“கரைய ஒட்டி ஏன்டா இழுக்குறீங்க?”

“அங்கிட்டு தள்ளிப் போனா எல்லை தாண்டிட்டன்னு நேவிக்காரங்க புடிச்சு ஜெயில்ல போட்டுர்றாங்க. இங்கிட்டு இழுத்தா நீ திட்டுற. நான் எங்கக்கா போக?”

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். அவனை எங்கே போகச் சொல்வதென்று எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது.

கம்பெனியை மூடினார்கள். நான் புதுக்கோட்டையில் ஜவுளிக்கடை பில் கவுன்டருக்குப் போனேன். ராணியக்கா திருப்பூரில் பனியனுக்கு லேபிள் தைக்கிறாள். தம்பியோடு பேச்சில்லை. அண்ணன் மட்டும் கரையில் இருக்கிறார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனவள், கடலில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கி நின்றேன். முன்பெல்லாம் அங்கே காலை வைத்தால் புல் கணுக்காலைத் தடவும். உள்ளேயிருந்து பொடி மீனும் இறாலும் குஞ்சு நண்டும் சிதறி ஓடும். நான் பயந்து அலறிக் கரையேறுவேன், ராணியக்கா சிரிப்பாள். இப்போது வெறும் மணல். எவ்வளவு நேரம் நின்றும் காலடியில் ஒன்றும் அசையவில்லை.