ஒரு அடுப்புக்கு ஒரு வீடு

எங்கள் தெருத் தையற்காரிக்கு உலை வைக்கத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். புருஷன் போன பிறகும் அவள் மிஷினை விட்டு எழுந்ததில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மிதிப்பாள்; தெருவில் போகிறவர்கள் கிழிந்ததை அந்த ஜன்னல் வழியாகவே நீட்டுவார்கள். சமையல் அதே வீட்டிலிருந்த கொழுந்தன் பெண்டாட்டி, ஓரகத்தியின் பாடு. ஓரகத்தி பெற்ற பெண் மட்டும் பெரியம்மா பக்கத்தில்தான் படுப்பாள். "பெத்தவ ஒருத்தி, கொஞ்சறவ ஒருத்தி" என்று நாங்கள் கேலி செய்தால் இரண்டு பேருக்குமே பெருமையாக இருக்கும்.

அந்தத் தெருவைத்தான் காலி பண்ணச் சொன்னார்கள். நகரத்தை அழகாக்கப் போகிறார்களாம். அழகுக்கு நாங்கள் இடைஞ்சலாம். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் தருகிறோம், ஒரு அடுப்புக்கு ஒரு வீடு என்றார்கள். வீடென்றால் ஒற்றை அறை. அதில் நாலு பேரும் ஒரு தையல் மிஷினும் எப்படி அடங்குவது? கொழுந்தன் ஒரு யோசனை சொன்னான்.

"அண்ணி, நடுவுல ஒரு தட்டி வச்சு இன்னொரு அடுப்பப் போட்டுடுவோம். கணக்கெடுக்க வரும்போது நீங்க ரெண்டு பேரும் சண்ட போடுங்க. ரெண்டு வீடா வாங்கிட்டு, அப்புறம் ஒண்ணாவே சாப்பிடலாம்."

தெருவில் பாதிப் பேர் அதைத்தான் செய்தோம். எனக்கும் என் மாமியாருக்கும் ஒத்திகைகூடத் தேவைப்படவில்லை. இவர்கள் இரண்டு பேருக்குத்தான் சண்டை வரவில்லை. கணக்கெடுப்பவர் வந்து நின்றதும் தையற்காரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் பேனாவை மூடப் போனார். காரியம் கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில் ஓரகத்தி கத்தினாள்.

"பெத்திருந்தாத்தான தெரியும் அரும! எம் பொண்ணப் பக்கத்துல போட்டுப் படுத்தா நீ தாயாயிடுவியா? இனிமே அவளத் தொடாத!"

தையற்காரியின் சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு குடும்பம் என்று அவர் எழுதிக்கொண்டார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் ஓரகத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, ஏதோ வாயில வந்தது..."

"நடிப்புதான, விடு" என்றாள் தையற்காரி. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம்; சொல்லை?

குலுக்கலில் ஓரகத்திக்கு முதல் கட்டடத்தில் கீழ்வீடு. தையற்காரிக்குக் கடைசிக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடி. மாற்றிக்கொள்ளக் கூடாதாம். பொய்யாகப் பிரிந்தவர்களைப் பிடிக்க ஆள் வரும், ஒரே அடுப்பில் சாப்பிட்டால் ஒரு வீட்டைப் பிடுங்கிக்கொள்வோம் என்று சுவரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். ஒன்றாக இருந்தவர்களைப் பிரித்து வைத்துவிட்டு, பிரிந்தே இருக்கிறார்களா என்று பார்க்கவும் ஆள் போட்ட புண்ணியவான்கள்!

லிஃப்ட் பெயருக்குத்தான் இருந்தது. கிழிந்த சட்டையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மாடி யார் ஏறுவார்கள்? மிஷின் பாதி நாள் மூடியே கிடந்தது. ஓரகத்தி மகளிடம் சோறு கொடுத்தனுப்புவாள். "யாராச்சும் பாத்தா உங்க வீடு போயிடும்டி" என்று தையற்காரி வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். வீடு போய்விடும் என்று பயந்தாளா, அந்தச் சொல்லை மறக்க முடியவில்லையா? இரண்டும்தான். எனக்கு அவள் மேலும் கோபம் உண்டு. பசியோடு இருந்துகொண்டு ரோஷம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

போன வாரம் நான் அவள் வீட்டில் இருந்தபோது சோதனைக்கு ஆள் வந்தார். அடுப்பில் அவள் வைத்த சோறு அடிப்பிடித்து நாறியது. தனி அடுப்புக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அவர் கிளம்புகிற நேரத்தில் ஓரகத்தியின் பெண் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கையில் தையல் விட்ட பள்ளிக்கூடப் பாவாடை.

"இது யாரும்மா? உங்க வீட்டுப் பொண்ணா?"

தையற்காரி அவளைப் பார்க்காமலே சொன்னாள். "இல்ல சார். யாரோ, தைக்கக் குடுக்க வந்திருக்கு."

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். இரண்டு வீடும் தப்பித்தன. காலடிச் சத்தம் அடங்கியதும் தையற்காரி ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்து, "உள்ள வாடி கண்ணு" என்று கையை நீட்டினாள்.

அவள் வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றபடியே பாவாடையை அந்தக் கையில் வைத்தாள்.

"எப்ப வந்து வாங்கிக்கணும்?" என்று கேட்டாள்.