தொங்கிய பாதம்

தீபாவளி சீசனில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இடுப்பில் ஊசி போட்டாக வேண்டும். வெறும் மாத்திரை கொடுத்தால் அதை வைத்தியமாகவே எண்ண மாட்டோம். மறுநாள் பட்டாசு கம்பெனிக்குப் போக வேண்டுமே. என் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டபோதும், டாக்டருக்குப் படிக்காமலே திருத்தங்கலில் ஊசி போட்டுவந்த ஒருவரிடம்தான் நானும் மனைவியும் தூக்கிப்போனோம்.

ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டாள். வீட்டில் இறக்கிவிட்டபோது இடது பாதம் ஈரத்துணி போலத் தொங்கியது.

போலியோ என்று தெரு முடிவுகட்டியது.

"சொட்டு மருந்து குடுத்தும் வந்துருச்சே, பெறகு எதுக்கு அந்த எழவு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அடுத்த சொட்டு மருந்து முகாமுக்குத் தன் பிள்ளையை அவள் அனுப்பவில்லை.

விருதுநகர் ஆஸ்பத்திரியில், பட்டாசு வேலையில் அலுமினியப் பொடி படிந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"கால் விழுந்தது ஊசிக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவிதான் சொன்னாள்: "போட்ட ஒடனேதாம்மா. ஆனா அம்புட்டுப் பேரும் அங்கனதான போடுதாக!"

டாக்டரம்மா தொடையை அழுத்தினார், பிள்ளை உதைத்தாள். பாதத்தின் மேல் குண்டூசியால் கீறினார்; அவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலியோன்னா உணர்ச்சி போகாது. இது ஊசி நரம்புல பட்டது. சில பிள்ளைகளுக்குத் திரும்பும்."

திடீரெனக் கால் விழுந்த பிள்ளைகளுக்கான விதிப்படி அவள் மலத்தை ஐஸ் பெட்டியில் வைத்துப் போலியோ சோதனைக்கு அனுப்பினார்கள். போலியோ இல்லை என்றே வந்தது.

"போலியோ இல்லைல்ல? பெறகென்ன, சரியாப் போயிரும்!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பாதம் திரும்பவில்லை. கெண்டைக்கால் சூம்பியது. செருப்பு கழன்று விழுந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது.

அடுத்த சீசனில் அவளுக்கு மறுபடி காய்ச்சல். வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. சைக்கிளைத் திருத்தங்கலுக்கு மிதித்தேன். அதே ஊசிக்காரரின் பெஞ்சில் பிள்ளை குப்புறக் கிடந்தாள்.

"அண்ணாச்சி, இடது பக்கம் வேண்டாம். வலது பக்கம் போடுங்க," என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஊசி வேண்டாம்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேசாத ஆளு பேசுதாரே!" என்று ஊசிக்காரர் சிரித்தார். "நாளைக்குக் கம்பெனிக்குப் போவேண்டாமா?"

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மனைவி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள்: "காச்சக்காரப் பிள்ளைய வச்சுக்கிட்டு நாளைக்கு யாரு வீட்டுல இருக்கது?"

பிள்ளையின் வலது கால் என் வயிற்றில் உதைத்துக்கொண்டே வந்தது. இடது கால் சும்மா ஆடியது.