அசையாத காந்தாரம்

குளத்தூர் ரெஜிலாவுக்குத் தோடி ராகத்தின் காந்தாரம் பிடிபட மூன்று வருஷம் ஆயிற்று. அந்தச் சுரம் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. மேலும் கீழுமுள்ள சுரங்களைத் தொட்டு ஆடிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த அசைவுதான் கமகம். அது இல்லாவிட்டால் தோடியே இல்லை.

பாறசாலையில் அக்ஷயா சென்டர் என்ற அரசு இ-சேவை மையத்தில் வாரம் முழுக்க விண்ணப்பம் அடிப்பாள். சனிக்கிழமை மத்தியானம் தோழி ஓமனாவின் வீட்டுக்குப் போய்விடுவாள். பன்னிரண்டு வருஷமாகச் சேர்ந்து பாடுகிறவர்கள். இருவருக்கும் நெய்யாற்றின்கரையில் முதன்முதலாக ஒரு கச்சேரி மேடை கிடைத்திருந்தது.

அதற்கு ஏழு மாதம் இருக்கும்போது ரெஜிலாவின் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள், எடுத்தார்கள்.

கண் விழித்தபோது வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு மாதத்தில் பேச்சு திரும்பியது. பாட்டும் வந்தது. ஆனால் காந்தாரம் அடித்த ஆணிபோல நின்றது. அசைக்கப் பார்த்தால் குரல் உடைந்து இருமல் முட்டியது. டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். ஒருபக்கக் குரல்நாண் அசையவில்லை.

"பேச்சு வந்தாச்சல்லோ. அதே பாக்கியமாக்கும்."

"பாட்டு, டாக்டர்?"

அவர் அடுத்த ஆளின் சீட்டை எடுத்தார்.

கணவன் ஈசாக் தினமும் அவள் கழுத்தில் கைவைத்து ஜெபித்தான். அவள் அசையாமல் இருந்து கொடுத்தாள்.

ஓமனா வீட்டுக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஒருநாள் பாடிக்கொண்டிருக்கும்போது, ஓமனாவும் காந்தாரத்தை நேராகப் பிடிப்பது காதில் விழுந்தது. தவறிவிட்டது என்று நினைத்தாள். அடுத்த தடவையும் அப்படியே. ஓமனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காவ நீ இப்பிடிப் பாடாண்டாம்."

"இல்லக்கா, எனக்கு இப்ப இப்பிடித்தான் வருது."

"பொய் சொல்லாத மக்கா. எனக்க தொண்டைதான் போச்சு, காது போவல்ல."

ஓமனா அழுதாள். ரெஜிலா போனில் ஓடிய தம்பூராவை நிறுத்தினாள்.

"நம்மகூடப் பாட்டு படிச்ச ஜீனாவ விளி, எனக்குப் பதிலா அவ பாடட்டு. இன்னும் ரெண்டு மாசம் உண்டு. சரியாவும்."

கச்சேரிக்குப் போனாள். ஓமனாவும் ஜீனாவும் தோடி எடுத்தார்கள். காந்தாரம் அழகாக ஆடியது. சத்தமே இல்லாமல் ரெஜிலாவின் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது. நிறுத்த முடியாமல் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கைதட்டல் ஓய்ந்து ஓமனா தேடியபோது, ரெஜிலா பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள்.

"நல்லா இருந்துதா?" என்று வீட்டில் கேட்டான் ஈசாக்.

"நல்லாத்தான் இருந்துது."

ஓமனா இப்போதும் கூப்பிடுகிறாள். சிலநேரம் ரெஜிலா எடுப்பாள். மழை, மீன்விலை, பிள்ளைகளின் படிப்பு என்று பேசுவார்கள். பாட்டுப் பேச்சு வரும்முன் ரெஜிலா போனை வைத்துவிடுவாள்.