கரும்பும் முன்கேனியின் முதுகும்

காசாய் ஆற்றுத் துறையில் முன்கேனியின் கை படாத தாடை குறைவு. அநாதையாக வந்து இறங்கியவன். மூட்டை தூக்கி, அடித்துப் பிடித்து, இரண்டு படகுக்குச் சொந்தக்காரன் ஆனான். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன். ஆனாலும் ஈ கடித்துப் பரவும் உறக்க நோய்க்கு ஊசி போடுகிறவர்கள் படகை விட்டு இறங்கியதும் தேடுவது அவனைத்தான். பென்டாமிடின் ஊசி புட்டத்தில் இறங்கினால் அப்படி எரியும். மாடு மாதிரி இருப்பவன்கூடக் காட்டுக்குள் ஓடிவிடுவான். ஓடியவனை முன்கேனி பிடரியைப் பற்றி இழுத்துவருவான். முரண்டு பிடித்தால் முதலில் ஒரு குத்து, அப்புறம் ஊசி. அப்படிப் பல்லை இழந்து உயிர் பிழைத்தவர்கள் இன்றைக்கும் துறையில் நடமாடுகிறார்கள்.

அந்த முறை அவன் மனைவி மவூலாவின் கழுத்திலேயே நெறி கட்டியிருந்தது. ரத்தத்தைப் பார்த்தால் அந்த நோயின் பூச்சி. மூளைக்கு ஏறும் முன்னால் ஊசிகளை முடித்துவிட வேண்டும் என்றார் ஊசி போட வந்த கம்பவுண்டர் கிபுலு. நாளுக்கு ஒன்றாக ஒரு வாரம். மவூலா ஓடவில்லை.

ஆனால் துறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊசி போட்டவர்கள் பொழுது சாயும்வரை நெருப்பில் வெந்ததைத் தொடக்கூடாது. தொட்டால் மருந்து உடம்புக்குள் கொதித்துவிடுமாம். "படுங்க, இனிப்பா எதையாவது தின்னுங்க" என்று கிபுலு தொண்டை வற்றக் கத்துவார். முன்கேனிகூடக் காதில் வாங்கியதில்லை. மவூலா ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மீன்கூடையைத் தூக்கினாள், நடுத்துறையில் சரிந்தாள். உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை, கண் செருகிவிட்டது.

அவள் அண்ணன் இபாலா துடுப்போடு பாய்ந்து வந்தான். மருந்துப் பெட்டியை ஆற்றுக்குள் உதைத்துத் தள்ளினான். "எந்தங்கச்சிக்கு விஷத்தை ஏத்திட்டீங்களேடா!"

கூட்டம் கிபுலுவின் மூக்கை உடைத்து, கையை முறுக்கிப் பிடித்தது. அவர் அலறினார்: "ரத்தத்துல சர்க்கரை இறங்கிடுச்சு! வாயில இனிப்பு வைங்க, செத்துருவா!"

"எவனாவது வாயில எதையாவது வச்சான், மண்டைய பொளந்துருவேன்!" என்றான் இபாலா.

முன்கேனியின் முஷ்டி உயர்ந்தது. சண்டையில் அவன்தான் ஜெயிப்பான், அதில் சந்தேகமில்லை. ஜெயித்து முடிப்பதற்குள் மவூலா போய்விடுவாள். முஷ்டியை இறக்கினான். பக்கத்தில் கரும்பு விற்றவளிடமிருந்து ஒரு துண்டைப் பிடுங்கி, பல்லால் நசுக்கி, குனிந்து மவூலாவின் கன்னத்துக்குள் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தான்.

முதுகில் துடுப்பு விழுந்தது. மறுபடியும் விழுந்தது. விலா எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

"அடே மச்சான், கரும்பை எந்த அடுப்புலடா வேக வச்சாங்க?" என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கேட்டான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். துடுப்பு மட்டும் நிற்கவில்லை. கடைசியில் அவன் முதுகிலேயே இரண்டாக உடைந்தது.

மவூலா கண்ணைத் திறந்தாள். "என்னய்யா இது, குனிஞ்சு அடி வாங்கிக்கிட்டு இருக்க? உனக்குக் கை இல்லையா?"

முன்கேனி எழுந்தான். ஒரே குத்து. இபாலா ஆற்றோரச் சேற்றில் மல்லாந்தான். அவனைப் பிடரியைப் பிடித்துக் கிபுலுவிடம் இழுத்துப் போனான். "சார், மச்சான் கழுத்தையும் ஒரு தடவ தொட்டுப் பாருங்க."

உடைந்த மூக்கைத் துடைத்துக்கொண்டு கிபுலு தொட்டார். "இவனுக்கும் நெறி இருக்கு. ரத்தம் பாத்துட்டு ஊசி போடணும்."

"ஊசி எங்க இருக்கு?"

எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

மவூலா கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "சீக்கிரம் முங்குண்ணா. நாளைக்கு என் ஊசியும் அதுக்குள்ளதான் கிடக்கு."